ஜட்ஜை யாரு போடணும்ங்குற சண்டைல காணாமப் போன ஆபீஸ்

ஒரு முன்சீப் கோர்ட்ல ஜட்ஜ் மாறுதலாயிப் போயி அந்த எடத்துக்கு ஆள் வரலன்னா என்ன நடக்கும்னு அம்பாசமுத்திரத்துலயோ நாங்குநேரியிலயோ கேஸ் வச்சிருக்கவங்களுக்கு நல்லாவே தெரியும். பக்கத்து கோர்ட் ஜட்ஜுக்கு இன்சார்ஜ் குடுத்திருவாங்க, அவரு தன்னோட கோர்ட் லிஸ்ட்ட முடிச்சிட்டு கடைசியா இந்தக் கட்டப் புரட்டுவாரு, அவருக்கும் வேற வழி கெடையாது, வாய்தாதான் போட முடியும். சாட்சி சொல்லணும்னு நடவு வேலைய விட்டுட்டு வந்த ஆளு மத்தியானம் வர வராண்டால நின்னு, வக்கீல் குமாஸ்தா செல்போன்ல பாத்துச் சொல்லுற அடுத்த தேதியக் கேட்டுட்டு பஸ் ஏறிருவாரு. பாகப்பிரிவினை கேஸ்னா அப்பா போட்ட பிராத மகன் நடத்திக்கிட்டு இருப்பாரு.

இது அந்த இன்சார்ஜ் ஜட்ஜோட குத்தம் இல்ல, குமாஸ்தாவோட குத்தமும் இல்ல. எந்த கோர்ட்ல எப்பம் எடம் காலியாகும், அத நெரப்ப எத்தன மாசம் முன்னாடி வேலைய ஆரம்பிக்கணும், கட்டடத்துக்குப் பணம் எங்க இருந்து வரும், தப்பு பண்ணுற ஜட்ஜ் மேல யாருகிட்ட புகார் குடுக்கணும்னு டெல்லில இருந்து நாங்குநேரி வர ஒரே எடத்துல உக்காந்து யோசிக்குற ஒரு அமைப்பு நம்ம நாட்டுல இல்ல. பல நாட்டுல இருக்கு, நீதித்துறை கவுன்சில்னு சொல்லுவாங்க, ஜட்ஜுங்க, வக்கீலுங்க, பொதுஜனத்துல இருந்து சிலபேருன்னு கலந்து உக்காந்து நியமனம், ஒழுங்கு நடவடிக்கை, திட்டம் எல்லாத்தையும் பாப்பாங்க. நம்மகிட்ட இருக்குறது துண்டு துண்டா கெடக்கு. சுப்ரீம் கோர்ட்டுக்கும் ஹைகோர்ட்டுக்கும் ஆள் எடுக்க கொலீஜியம்னு சொல்லுற சீனியர் ஜட்ஜுங்க குழு, ஜில்லா கோர்ட் எல்லாம் அரசியல் சட்டம் 235வது பிரிவுப்படி ஹைகோர்ட் கட்டுப்பாட்டுல, சிவில் ஜட்ஜுக்குப் பரீட்ச நடத்துறது டிஎன்பிஎஸ்சி, சம்பளமும் கட்டடமும் பெரும்பாலும் மாநில சர்க்கார், கம்ப்யூட்டர்னா டெல்லில இருக்குற இ-கமிட்டி, வாசல்ல காவலுக்கு நிக்குறது போலீஸ். இதுல எந்த ரெண்டு பேரும் சேர்ந்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு திட்டம் போட்டு அதுக்கு நாங்கதான் பொறுப்புன்னு கையெழுத்து போடுற ஏற்பாடு இல்ல.

ஆனா இந்த விஷயத்துல சண்ட வந்தாலே எல்லாரும் ஒரே கேள்விலதான் போயி நிக்காங்க, ஜட்ஜ யாரு போடணும், சர்க்காரா ஜட்ஜுங்களேவா. அந்தக் கேள்வி சின்னக் கேள்வி இல்ல, அதுக்குப் பின்னால ரத்தமும் சதையுமா வரலாறு இருக்கு. 1973ல, அரசியல் சட்டத்தோட அடிப்படையப் பார்லிமெண்ட் மாத்த முடியாதுன்னு சொன்ன கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த மறுநாளே ஷெலத், ஹெக்டே, குரோவர்னு மூணு சீனியர் ஜட்ஜுங்களத் தாண்டி ஏ.என்.ரேய சீப் ஜஸ்டிஸ் ஆக்குனாங்க, மூணு பேரும் ராஜினாமா பண்ணிட்டுப் போயிட்டாங்க. எமர்ஜென்சில ஆட்கொணர்வு மனு போடக்கூட உரிம இல்லன்னு நாலு பேர் தீர்ப்பு எழுதுனப்பம் ஒத்த ஆளா மாத்தி எழுதுனவரு எச்.ஆர்.கன்னா, 1977ல அவரையும் தாண்டிட்டாங்க. சர்க்கார் கைல மட்டும் இந்த அதிகாரம் இருந்தா என்னாகும்ங்குறதுக்கு இதுக்கு மேல சாட்சி தேவையில்ல.

1981ல வந்த முதல் ஜட்ஜஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே சர்க்கார் சொல்லுதான் கடைசின்னு சொல்லிருச்சு. 1993 அக்டோபர் 6ந் தேதி வந்த ரெண்டாவது ஜட்ஜஸ் கேஸ்ல 9 ஜட்ஜுங்க பெஞ்ச் அத மாத்துச்சு. அந்த 9 பேர்ல ஒருத்தர் நம்ம ஆளு, தாமிரபரணிக் கரைல நாறும்பூநாதர் கோயில் இருக்குற திருப்புடைமருதூர்ல பிறந்த எஸ்.ரத்தினவேல் பாண்டியன். பாளையங்கோட்ட சேவியர்ஸ்ல படிச்சு, நெல்லைல பிராக்டிஸ் பண்ணி, மெட்ராஸ் ஹைகோர்ட் போயி, 1988ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவரு. கொலீஜியம்னு ஒண்ணு பிறந்த கதைல நம்ம ஊர்க்காரரு கையெழுத்து இருக்குன்னு நம்மள்ல நெறைய பேருக்குத் தெரியல. மெஜாரிட்டி தீர்ப்ப எழுதுனது ஜே.எஸ்.வர்மா, அஹமதியும் புஞ்சியும் எதிர்த்து எழுதுனாங்க, பாண்டியன் மெஜாரிட்டி பக்கம் நின்னாலும் தனியா ஒரு தீர்ப்பு எழுதுனாரு. சீப் ஜஸ்டிஸ் கருத்துக்கு முதலிடம்னு ஒத்துக்கிட்ட அதே கையோட, பெஞ்ச்ல பிற்படுத்தப்பட்டவங்களும் தாழ்த்தப்பட்டவங்களும் பொம்பளைங்களும் எத்தன பேர் உக்காந்திருக்காங்கன்னு கணக்கு எடுத்து, எல்லா ஜனத்துக்கும் எடம் இல்லாத ஒரு நீதித்துறை ஜனநாயகத்துக்கு ஆகாதுன்னு அழுத்தமா எழுதி வச்சாரு. அவரு எழுதுனதுல முதல் பாதிய எடுத்து கொலீஜியம் ஆக்குனாங்க, ரெண்டாவது பாதிய அப்படியே வச்சிட்டாங்க. எனக்கு இதுல இன்னைக்கும் ஆத்தாமைதான்.

1998ல ஜனாதிபதி கேட்ட விளக்கத்துக்குப் பதிலா வந்த மூணாவது கேஸ்ல, சுப்ரீம் கோர்ட் நியமனத்துக்கு சீப் ஜஸ்டிஸும் 4 சீனியர் ஜட்ஜுங்களும், ஹைகோர்ட் நியமனத்துக்கு சீப் ஜஸ்டிஸும் 2 பேரும்னு ஆச்சு. அதுக்கு ஏத்தாப்ல நியமனம் எப்படி நடக்கணும்னு 1999ல நடைமுறைக் குறிப்பு ஒண்ணு எழுதுனாங்க, இன்னைக்கும் ஓடுறது கிட்டத்தட்ட அதுதான்.

இப்பம் கொலீஜியம் எப்படி வேல பாக்குதுன்னு கொஞ்சம் கிட்டப் போயி பாப்போம், ஏன்னா விஷயமே அங்கதான் இருக்கு. மதுரை பெஞ்ச்ல பிராக்டிஸ் பண்ணுற ஒரு வக்கீல ஹைகோர்ட் ஜட்ஜா ஆக்கணும்னு வைங்க. ஹைகோர்ட் சீப் ஜஸ்டிஸும் 2 சீனியர் ஜட்ஜுங்களும் பேரு எழுதுவாங்க, எடம் காலியாக 6 மாசம் முன்னாடியே எழுதணும்னு குறிப்பு சொல்லுது. அந்தப் பேரு முதலமைச்சர், கவர்னர் பார்வைக்குப் போகும், அங்க இருந்து டெல்லில சட்ட மந்திரி ஆபீஸ், மத்திய உளவுத்துறையான ஐபி விசாரிச்சு ரிப்போர்ட் குடுக்கும், அப்புறம் சுப்ரீம் கோர்ட் கொலீஜியம், அவங்க அந்த ஹைகோர்ட்டப் பத்தித் தெரிஞ்ச ஜட்ஜுங்ககிட்ட கேப்பாங்க, சரின்னா மறுபடி சட்ட மந்திரி, பிரதமர், ஜனாதிபதி. இவ்வளவு தூரம் போற காகிதத்துல ஒரு எடத்துலயும் இன்ன தகுதி இருக்கணும், இத்தன மார்க்குன்னு எழுதி வச்ச அளவுகோல் இல்ல. இந்த வேலைக்குன்னே முழுநேரமா உக்காந்து பாக்குற பெரிய ஆபீஸும் இல்ல. காலைல கேஸ் கேட்டு, ராத்திரி தீர்ப்பு எழுதுற அதே மூணு பேருதான் இந்தியா பூரா 25 ஹைகோர்ட்டுக்கும் ஆளப் பாக்கணும். டி.ஒய்.சந்திரசூட் சீப் ஜஸ்டிஸா இருந்தப்பம் சுப்ரீம் கோர்ட்ல இருக்குற ஆராய்ச்சி திட்டமிடல் மையத்த வச்சு, பேரு வந்தவங்க எழுதுன தீர்ப்பு, நடத்துன கேஸ் விவரம் எல்லாம் சேகரிக்க ஆரம்பிச்சாங்க, அது நல்ல ஆரம்பம், ஆனா சட்டத்துல ஊன்றுன ஏற்பாடு இல்ல, அடுத்து வாறவரு நெனச்சா நிறுத்திரலாம்.

அடுத்து வாறவருன்னு சொன்னதுலதான் பெரிய சிக்கலே. 2021 ஏப்ரல்ல ரமணா சுப்ரீம் கோர்ட் சீப் ஜஸ்டிஸ் பதவிக்கு வந்ததுல இருந்து எண்ணிப் பாருங்க, லலித் 74 நாள், சந்திரசூட் 2 வருஷம், சஞ்சீவ் கன்னா 6 மாசம், கவாய் 6 மாசம், 2025 நவம்பர்ல சூர்ய காந்த். அஞ்சு வருஷத்துக்குள்ள 6 பேர். 65 வயசுல ரிட்டயர் ஆகணும், சீனியாரிட்டிப்படி வரணும், அதனால கணக்கு இப்படித்தான் வரும், யாரையும் கொற சொல்ல முடியாது. ஆனா நாட்டுல 5 கோடி கேஸுக்கு மேல கெடக்குற ஒரு அமைப்போட தலைமை இப்படி மாறிக்கிட்டே இருந்தா, ஒருத்தரு மனசுல இருக்குற திட்டம் அடுத்தவரு மேசைக்கு வாறதுக்குள்ள காலாவதி ஆயிருது. ரமணாவே நல்ல உதாரணம். தேசிய நீதித்துறை கட்டமைப்பு ஆணையம்னு ஒண்ணு வேணும், கோர்ட் கட்டடத்துக்கு அது திட்டம் போடட்டும்னு 2021ல இருந்து சொல்லிக்கிட்டே இருந்தாரு, 2022 ஏப்ரல்ல முதலமைச்சர்களும் சீப் ஜஸ்டிஸ்களும் கூடுன மாநாட்டுல தேசிய அளவுல வேண்டாம்னு மாநிலங்க சொல்லிட்டாங்க, ஆகஸ்ட்ல அவரு ரிட்டயர் ஆயிட்டாரு.

மெட்ராஸ் ஹைகோர்ட்லயும் தலைமை நெலச்சு நிக்குறது அபூர்வம்தான். அதுல ரெண்டு மாறுதல் வக்கீலுங்க மனசுல இன்னும் ஆறல. 2019ல தஹில்ரமாணியையும், 2021ல சஞ்ஜிப் பானர்ஜியையும், 75 ஜட்ஜ் இருக்க வேண்டிய கோர்ட்ல இருந்து கையளவு ஜட்ஜ் உள்ள மேகாலயா ஹைகோர்ட்டுக்கு மாத்துனாங்க. அந்தம்மா ராஜினாமா பண்ணிட்டாங்க, பானர்ஜி வந்து ஒரு வருஷம்கூட ஆகல. நீதி நிர்வாகம் நல்லா நடக்கணும்ங்குற பொது வாசகத்தத் தாண்டி காரணம்னு ஜனங்களுக்கு ஒண்ணும் சொல்லல. சரியான காரணமே இருந்திருக்கலாம், ஆனா சொல்லாம விட்டா அந்த எடத்த வதந்திதான் நெரப்பும்.

இதெல்லாம் தெரியாமலா 30 வருஷமா இருந்தாங்கன்னு கேட்டா, இல்ல, தெரிஞ்சே இருந்தாங்க. 1987லயே சட்ட ஆணையம் தன்னோட 121வது அறிக்கைல தேசிய நீதித்துறை சேவை ஆணையம் வேணும்னு சொல்லிருச்சு. 1990ல ஒரு மசோதா, 2002ல அரசியல் சட்டத்த மறுஆய்வு பண்ணுன வெங்கடாசலையா கமிஷன் சிபாரிசு, 2003ல இன்னொரு மசோதா, ரெண்டு மசோதாவும் பார்லிமெண்ட் கலைஞ்சப்பம் காலாவதி ஆச்சு. கடைசில 2014 ஆகஸ்ட்ல 99வது அரசியல் சட்டத் திருத்தம் நெறவேறிச்சு, தேசிய நீதிபதிகள் நியமன ஆணையம், என்ஜேஏசி. 6 பேர், சீப் ஜஸ்டிஸ், 2 சீனியர் ஜட்ஜ், சட்ட மந்திரி, பிரபலமான ரெண்டு பேர். அந்த ரெண்டு பேர பிரதமர், சீப் ஜஸ்டிஸ், எதிர்க்கட்சித் தலைவர் சேர்ந்து எடுப்பாங்க. 6 பேர்ல எந்த ரெண்டு பேர் வேண்டாம்னாலும் பேரு போயிரும். 2015 ஏப்ரல் 13ந் தேதி அமலுக்கு வந்துச்சு, அக்டோபர் 16ந் தேதி 4க்கு 1னு சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிருச்சு, நடுவுல ஒரு ஜட்ஜகூட அது நியமிக்கல. எதிர்த்து எழுதுன ஒத்த ஜட்ஜ் செலமேஸ்வர்.

அந்தத் தீர்ப்ப நான் முழுசா சரின்னும் சொல்ல மாட்டேன், தப்புன்னும் சொல்ல மாட்டேன். சட்ட மந்திரியும் பிரபலமான ஒருத்தரும் சேர்ந்தா எல்லா ஜட்ஜுங்களும் விரும்புற பேரக்கூட தடுத்திரலாம்ங்குறது உண்மையான ஓட்டதான், அந்தப் பிரபலமானவங்களுக்கு என்ன தகுதின்னே சட்டத்துல இல்ல. ஆனா அந்த ஓட்டய அடைக்க வழி சொல்லி ஆணையத்தக் காப்பாத்திருக்கலாம்னும் தோணுது. ரெண்டு மாசம் கழிச்சு 2015 டிசம்பர் 16ந் தேதி அதே பெஞ்ச் இன்னொரு ஆர்டர் போட்டுச்சு, பேப்பர்ல அது பெருசா வரல, ஆனா என்னயக் கேட்டா மெயின் தீர்ப்ப விட அதுதான் முக்கியம். நடைமுறைக் குறிப்ப புதுசா எழுதுங்க, அதுல நாலு விஷயம் இருக்கட்டும்னு சொல்லிச்சு, தகுதிக்கு அளவுகோல், வெளிப்படைத்தன்ம, செக்ரட்டேரியட்னு ஒரு நெரந்தர ஆபீஸ், புகார விசாரிக்க ஏற்பாடு. 2016 மார்ச்ல சர்க்கார் ஒரு டிராப்ட் அனுப்புச்சு, தேசப் பாதுகாப்புன்னு காரணம் சொல்லி ஒரு பேர நாங்க தடுக்கலாம்ங்குற வரில சண்ட வந்துச்சு, 2017 மார்ச்ல கொலீஜியம் தன்னோட டிராப்ட அனுப்புச்சு, அதுக்கப்புறம் கடிதப் போக்குவரத்துதான். அந்தக் குறிப்பு இன்னும் முடிவான வடிவத்துக்கு வரல.

இதுக்கு நடுவுல நடந்த நல்லதையும் சொல்லணும். 2017 அக்டோபர் 3ந் தேதி கொலீஜியம் தன் தீர்மானங்கள வெப்சைட்ல போட முடிவு பண்ணுச்சு. கொஞ்ச நாள் காரணத்தோட போட்டாங்க, அப்புறம் வெறும் பேரு மட்டும் வந்துச்சு, மறுபடி காரணம் எழுதுனாங்க, தலைமை மாறுறதப் பொறுத்து இதுவும் மாறுது. 2023 ஜனவரில வந்த ஒரு தீர்மானம் நல்லா ஞாபகம் இருக்கு, மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு சிபாரிசு பண்ணுன ஒரு வக்கீல் பிரதமர விமர்சிச்ச ஒரு கட்டுரைய ஷேர் பண்ணிருக்காருன்னு ஐபி ரிப்போர்ட்ல எழுதிருந்தாங்க, அது அவரோட தகுதியப் பாதிக்காதுன்னு கொலீஜியம் பச்சையா எழுதி மறுபடி அதே பேர அனுப்புச்சு. அப்படியும் ஆர்டர் வரல. மறுபடி அனுப்புன பேருக்கு 3, 4 வாரத்துல நியமன ஆர்டர் வரணும்னு 2021 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டே காலக்கெடு வச்சிருக்கு. 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுங்களோட சொத்து விவரத்தையும் நியமன விவரங்களையும் வெப்சைட்ல ஏத்துனாங்க, அதுவும் மனசார வரவேற்க வேண்டிய காரியம்.

வெளிநாட்டுல இத எப்படிச் சமாளிச்சாங்கன்னு பாத்தா எனக்கு ரொம்பப் பிடிச்சது கென்யா. இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா பத்தி நெறைய பேர் எழுதிட்டாங்க, நம்ம நெலமைக்கு கென்யாதான் கிட்ட வருது, அங்கயும் கோர்ட் மேல ஜனங்களுக்கு நம்பிக்க போயி, கேஸ் குவிஞ்சு கெடந்துச்சு. 2010ல புது அரசியல் சட்டம், அதுல நீதித்துறை சேவை ஆணையம், ஜட்ஜுங்க, மாஜிஸ்திரேட்டுங்க, வக்கீலுங்க, பொதுஜனப் பிரதிநிதிங்க எல்லாம் உள்ள. 2011ல சீப் ஜஸ்டிஸ் பதவிக்கே டிவில ஜனங்க பாக்க இண்டர்வியூ வச்சு வில்லி முட்டுங்காவ எடுத்தாங்க. அவரு வந்து 2012ல இருந்து 2016 வரைக்கும்னு ஒரு மாற்றத் திட்டம் எழுதி வெளியிட்டாரு, எத்தன கோர்ட், எவ்வளவு பணம், யாரு பொறுப்புன்னு. அடுத்து வந்த மராகா அத தூக்கிப் போடல, அதத் தொடர்ந்து 2017ல இருந்து 2021க்கு ஒண்ணு எழுதுனாரு, அதுக்கடுத்த மார்த்தா கூமே 2033 வர நீட்டி எழுதிருக்காங்க. தலைமை மாறினாலும் திட்டம் மாறாம கைமாறுது பாத்தீங்களா, இதத்தான் நம்மகிட்ட இல்லன்னு சொல்லுதேன். அதுக்காக அங்க எல்லாம் சொர்க்கம்னு இல்ல. 2019ல ஆணையம் சிபாரிசு பண்ணுன 41 பேர ஜனாதிபதி கென்யாட்டா ரெண்டு வருஷம் கெடப்புல போட்டு (நடுவுல ஒருத்தர் எறந்துட்டாரு), 2021ல 34 பேர மட்டும் நியமிச்சு 6 பேர ஒதுக்கி வச்சாரு, அடுத்த ஜனாதிபதி 2022ல வந்துதான் அந்த 6 பேருக்கும் வேல கெடச்சுது. ஆணையம் வச்சாலும் கடைசிக் கையெழுத்து போடுறவருக்குக் காலக்கெடு இல்லன்னா நம்ம கததான் அங்கயும்.

பக்கத்துல இலங்கை எதிர்ப்பாடம். 2001ல 17வது திருத்தம் வந்து அரசியலமைப்பு சபைன்னு ஒண்ணு வச்சாங்க, மேல்கோர்ட் ஜட்ஜுங்களுக்கு அதோட ஒப்புதல் வேணும். 2010ல 18வது திருத்தம் அதப் பிடுங்குச்சு, 2013ல சீப் ஜஸ்டிஸ் ஷிராணி பண்டாரநாயக்கவயே பதவில இருந்து எறக்குனாங்க, 2015ல 19வது திருத்தம் சபையத் திரும்பக் கொண்டு வந்துச்சு, 2020ல 20வது மறுபடி எடுத்துச்சு, 2022ல 21வது மறுபடி குடுத்துச்சு. ஆட்சி மாறும்போதெல்லாம் அரசியல் சட்டமும் மாறுச்சுன்னா அங்க வேல பாக்குற ஜட்ஜ் எத நம்பி தீர்ப்பு எழுதுவாரு? போலந்துல அமைப்பு ஏற்கெனவே இருந்துச்சு, 2017 டிசம்பர்ல ஒரு சட்டம் போட்டு, ஜட்ஜுங்களே தேர்ந்தெடுத்துக்கிட்டு இருந்த 15 இடங்கள பார்லிமெண்ட் தேர்ந்தெடுக்கும்னு மாத்துனாங்க, அந்த நீதித்துறைச் சண்ட முத்தி 2021ல ஐரோப்பிய கோர்ட் ஒரு நாளைக்கு 10 லட்சம் யூரோ அபராதம் போடுற அளவுக்குப் போச்சு. கவுன்சில்னு பேரு வச்சா மட்டும் போதாது, அதுக்குள்ள யாரு எந்த வழியா வாறாங்கங்குறது அவ்வளவு முக்கியம்.

அப்பம் நம்ம நாட்டுக்கு என்ன பண்ணலாம்? என்னோட கருத்து இதுதான், சண்ட வராத பக்கத்துல இருந்து வேலைய ஆரம்பிக்கணும். எல்லாரும் யாரு உறுப்பினருங்குறதுல ஆரம்பிக்காங்க, அது 99வது திருத்தம் போன வழி, அரசியல் சட்டத்த மாத்தணும், கோர்ட்ல நிக்கணும், மறுபடி பத்து வருஷம் போயிரும். செக்ரட்டேரியட்டுக்கு அதெல்லாம் தேவையில்ல, கொலீஜியத்துக்கு உதவியா நெரந்தரமான ஆபீஸ், வருஷக்கணக்கா அங்கயே வேல பாக்குற ஆளுங்க, ஒவ்வொரு ஹைகோர்ட்லயும் அதுக்கு ஒரு கை. அந்த ஆபீஸோட முதல் வேல காலண்டர். ஹைகோர்ட் ஜட்ஜுக்கு 62 வயசு, சுப்ரீம் கோர்ட்டுக்கு 65, யாரு எந்தத் தேதி ரிட்டயர் ஆவாங்கன்னு பதவியேத்த அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் ஹைகோர்ட்டுங்கள்ல 1122 எடத்துல வருஷா வருஷம் 300க்கு மேல காலியா கெடக்குன்னா அதுக்கு ஆள் பஞ்சம் காரணம் இல்ல, முன்கூட்டி வேல பாக்க ஆள் இல்லாததுதான் காரணம். கீழ் கோர்ட்டுங்களுக்கு 2007லயே மாலிக் மஸ்ஹர் சுல்தான் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் மாச வாரியா காலண்டர் போட்டுக் குடுத்துச்சு, விளம்பரம் எப்பம், பரீட்ச எப்பம், ஆர்டர் எப்பம்னு. எல்லா மாநிலமும் ஒழுங்கா கடைப்பிடிக்குதுன்னு சொல்ல முடியாது, ஆனா தவறுனா தவறுன தேதிய சுட்டிக் காட்டிக் கேக்கவாவது முடியுது. மேல் கோர்ட்டுக்கு அந்தமாதிரி ஒரு காலண்டர் போட்டு வெளியிட்டா, பேரு எந்த மேசைல நிக்குதுன்னு நாடே பாக்கும், கொலீஜியம் லேட்டா சர்க்கார் லேட்டாங்குற வாக்குவாதமே இருக்காது.

அடுத்தது அளவுகோல், அதுல ரத்தினவேல் பாண்டியன் எழுதுன ரெண்டாவது பாதி கண்டிப்பா வந்தாகணும். 2018ல இருந்து 2022 முடிய ஹைகோர்ட்டுங்களுக்கு நியமிச்சவங்கள்ல சுமார் 79 சதவீதம் பொதுப்பிரிவுன்னு சட்டத்துறையே பார்லிமெண்ட் கமிட்டிகிட்ட சொல்லிருக்கு. தாழ்த்தப்பட்டவங்க 3 சதவீதத்த எட்டல. சுப்ரீம் கோர்ட்ல 34 எடம், 2021 ஆகஸ்ட் 31ந் தேதி ஒரே நாள்ல 3 பொம்பள ஜட்ஜுங்க பதவியேத்தாங்க, 2025 நடுவுல பாத்தா நாகரத்னா ஒருத்தர்தான் மிச்சம். ரிட்டயர்மெண்ட் தேதி தெரிஞ்ச விஷயம்னு மேல சொன்னேன்ல, அப்படின்னா இதுவும் முன்கூட்டியே தெரிஞ்ச விஷயம்தான, அதுக்கு யாரும் திட்டம் வைக்கல. தெறம பாக்காம சாதி பாக்கச் சொல்லுதியான்னு சிலர் கேப்பாங்க. மேலப்பாளையத்துலயும் சங்கரன்கோவில்லயும் இருந்து மதுரை பெஞ்ச் போயி நல்லாப் பேரு எடுத்த வக்கீலுங்க எத்தனையோ பேர் இருக்காங்க, பெரிய சேம்பர்ல ஜூனியரா இருந்தவங்க மட்டும்தான் கண்ணுல படுவாங்கன்னா அது தேடுறவங்க கோளாறு. விண்ணப்பம் வாங்குங்க, எல்லா ஜில்லா பார்லயும் கேளுங்க, எழுதுன அளவுகோல வச்சு அளங்க, தெறமைக்கு இதுல ஒரு கொறையும் வராது.

புகார் பத்திச் சுருக்கமா சொல்லிருதேன். ஒரு மேல்கோர்ட் ஜட்ஜ எறக்கணும்னா பார்லிமெண்ட் தீர்மானம்தான் வழி, 1993 மே மாசம் சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் வி.ராமசாமி மேல வந்த தீர்மானத்துக்கு 196 பேர் ஆதரவா ஓட்டு போட்டாங்க, எதிர்த்து ஒருத்தரும் போடல, 205 பேர் ஓட்டே போடாம உக்காந்திருந்தாங்க, தீர்மானம் தோத்துச்சு. அந்தக் கடைசி ஆயுதத்துக்குக் கீழ, சின்ன தப்பு, நடுத்தரமான தப்புக்குன்னு சட்டப்படியான ஏற்பாடு ஒண்ணும் இல்ல, ஜட்ஜுங்களே வச்சிக்கிட்ட உள்விசாரண முறை மட்டும் இருக்கு, அதோட முடிவும் பெரும்பாலும் வெளிய வராது.

நிர்வாகத்த மேல இருந்து ஒழுங்கா பாத்தா கீழ என்ன பலன்னு கேக்குறவங்களுக்கு நம்ம பக்கத்துலயே உதாரணம் இருக்கு. 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல அப்பா மகன் ரெண்டு பேர் போலீஸ் காவல்ல அடிபட்டு செத்தப்பம், விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் ஸ்டேஷன்ல ஒத்துழைக்க மாட்டேங்காங்க, மரியாதக் கொறவா பேசுதாங்கன்னு ஹைகோர்ட்டுக்கு எழுதுனாரு. மதுரை பெஞ்ச் ஒடனே எறங்கி, அந்த ஸ்டேஷனையே வருவாய்த்துறை கைல எடுக்கச் சொல்லிச்சு, ஏட்டம்மா ஒருத்தங்க தைரியமா குடுத்த சாட்சியம் நெலச்சு நின்னதுக்கு அந்த வேகம்தான் காரணம். கீழ இருக்குற மாஜிஸ்திரேட்டுக்கு மேல ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்காங்கங்குற தைரியம் அது. எதிர்ப்பக்கம் 2024 டிசம்பர்ல பாளையங்கோட்ட கோர்ட் வாசல்லயே பட்டப்பகல்ல ஒருத்தர வெட்டிக் கொன்னாங்க. ஹைகோர்ட் தானா கேஸ் எடுத்து பாதுகாப்புக்கு உத்தரவு போட்டுச்சு, சரிதான், ஆனா கோர்ட் வாசல்ல எத்தன போலீஸ் நிக்கணும்ங்குறது ஒரு உயிர் போனதுக்கு அப்புறமா யோசிக்க வேண்டிய காரியமா? கோர்ட்டுக்குன்னு தனி பட்ஜெட்டும் பாதுகாப்புத் திட்டமும் வச்சு வருஷா வருஷம் மறுபரிசீலன பண்ணுற அமைப்பு இருந்திருந்தா அது ஏற்கெனவே பேசி முடிச்ச விஷயமா இருந்திருக்கும்.

மதுரை பெஞ்ச் வந்த கதையையும் இதுல சேத்துப் பாக்கணும். 2004 ஜூலை 24ந் தேதி அது தொறக்குற வர ஒரு ரிட் போடணும்னா நெல்லை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி பூரா உக்காந்து 600 கிலோமீட்டருக்கு மேல போகணும், பல வருஷப் போராட்டத்துக்கு அப்புறம்தான் வந்துச்சு. இன்னைக்கு தென்ஜில்லா ஜனங்க அது இல்லாத காலத்த நெனச்சுப் பாக்கவே மாட்டாங்க. சுப்ரீம் கோர்ட்டுக்கு தெற்குல ஒரு பெஞ்ச் வேணும்னு 2009ல சட்ட ஆணையம் 229வது அறிக்கைல சொல்லிருக்கு, 2023ல பார்லிமெண்ட் நிலைக்குழுவும் சொல்லிருக்கு, 130வது பிரிவுப்படி சீப் ஜஸ்டிஸ் ஜனாதிபதி சம்மதத்தோட வேற ஊர்லயும் கோர்ட்ட உக்கார வைக்கலாம். அதையும் தொடர்ந்து எடுத்து நடத்த ஆள் இல்ல, ஒரு சீப் ஜஸ்டிஸ்கிட்ட மனு குடுத்தா பதில் வாறப்பம் வேற ஒருத்தர் இருப்பாரு.

உறுப்பினர் யாருங்குற கேள்வி கடைசில வரட்டும்னு சொன்னேன், வேண்டாம்னு சொல்லல. ஆபீஸும் காலண்டரும் அளவுகோலும் சில வருஷம் ஓடி, ஜனங்களுக்கு அது எப்படி வேல பாக்குதுன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் ஆணையம் வரட்டும், அதுல ஜட்ஜுங்க எண்ணிக்க கூட இருக்கட்டும், வக்கீலுங்களும் வெளிய உள்ளவங்களும் இருக்கட்டும், எந்த ரெண்டு பேருக்கும் தனியா தடுக்குற அதிகாரம் வேண்டாம், சர்க்காருக்குக் கருத்து சொல்ல எடமும் பதில் சொல்ல காலக்கெடுவும் இருக்கட்டும். அந்த மாதிரி வந்தா கோர்ட் ரத்து பண்ணவும் காரணம் இருக்காது, அடுத்த ஆட்சி பிடுங்கவும் தயங்கும்.

இப்பத்திக்கு நெல்லை, தென்காசி, தூத்துக்குடி வக்கீல் சங்கங்க தீர்மானம் போடுறப்பம் ஒரு காரியம் பண்ணலாம். கொலீஜியம் ஒழிகன்னோ வாழ்கன்னோ எழுதாம, 2015 டிசம்பர் ஆர்டர்ல சொன்ன செக்ரட்டேரியட் எப்பம் வரும், காலியாகப் போற எடங்களோட காலண்டர எப்பம் வெளியிடுவீங்கன்னு ரெண்டே கேள்விய சட்ட மந்திரிக்கும் சுப்ரீம் கோர்ட் செக்ரட்டரி ஜெனரலுக்கும் ஒரே கடிதமா எழுதி, நகல் நம்ம எம்பிக்கும் அனுப்பலாம். ரெண்டுக்கும் அரசியல் சட்டத்துல ஒரு வரிகூட மாத்த வேண்டாம், ரெண்டு தரப்பும் அந்தக் குறிப்புல கையெழுத்து போட்டா போதும்.